கறுப்பு வோசர் எல்லாம் ஒண்டில்லை

பொருளாதாரத் தடைக் காலத்தில யாழ்ப்பாணத்தில மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில ஓடின கதை எங்கட வயசுக்காரர் எல்லாரும் கேட்டு வளர்ந்ததுதான். அதில அப்பா சொல்லுற ஒரு சின்ன விசயம்தான் எனக்கு மறக்கிறதில்லை. எண்ணெய்க் குழாய் பூட்டுற இடத்துக்கு வோசர் கிடைக்காமல், பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டிப் போட்டாராம். சில நாளிலேயே அது ஊதிப் பெருத்து, கொழகொழத்து, எண்ணெய் கசியத் தொடங்கிவிட்டது. இயற்கை இறப்பர் தண்ணீருக்குத் தாங்கும், மண்ணெண்ணெயை உறிஞ்சிவிடும். நைற்றைல் இறப்பர் என்றால் நிண்டுபிடிச்சிருக்கும். இரண்டும் கறுப்பு. கண்ணால பார்த்துப் பிரிக்க ஏலாது.

2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்தபோது, சிலிண்டர் வாயில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருதா என்று பார்த்தோமே, ஞாபகமா? சண்டை முழுக்கப் புரொப்பேன் விகிதம் பற்றித்தான். நியாயமான சண்டை. ஜனாதிபதி நியமித்த குழுவும் கலவை மாற்றத்தையே காரணமாகச் சொன்னது. 30 பாகை வெப்பத்தில் பியூட்டேனின் அமுக்கம் 3 பாருக்குக் கிட்ட. புரொப்பேனுக்கு 10 பார் அளவு. ஆனால் அந்த அமுக்கத்தை மறிச்சு நிற்கிறது ஒரு இறப்பர் வளையம். அது என்ன இறப்பர் என்று எங்கட வீட்டில ஒருத்தரும் கேட்கேல்லை, நான் உட்பட.

எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இப்படி விடமாட்டார்கள். 2011இல் மன்னார்க் கடலில் கெய்ன் நிறுவனம் எரிவாயு கண்டது. அப்படியான ஆழத்தில் அமுக்கம் நூற்றுக்கணக்கான பார். அங்கே வாயு இறப்பருக்குள்ளேயே கரைந்து போய் இருக்கும். அமுக்கத்தைச் சட்டென்று இறக்கினால், சோடாப் போத்தல் திறந்த மாதிரி உள்ளே குமிழி கட்டி வளையம் வெடித்துக் கிழியும். சூட்டுக்குப் பேர்போன விற்றன் 200 பாகை வரை தாங்கும், குளிரில் விறைச்சுப்போகும். 1986இல் சலஞ்சர் விண்ணோடத்தில் ஏழு பேர் செத்தது, குளிர்ந்த காலையில் ஒரு ஓ-றிங் இளகாததால்தான். ஆகவே ‘நல்ல வோசர்’ என்று பொதுவாக ஒண்டில்லை. எதுக்கு நல்லது என்று கேட்க வேணும்.

கடையில கேட்டன். “காஸுக்குப் போடுறதுதான் தம்பி” என்று தகர டின்னுக்குள் கைவிட்டு இரண்டை எடுத்துத் தந்தார் அண்ணை. பெயரும் இல்லை, திகதியும் இல்லை. பனடோல் அட்டையில் இருக்கிற விபரம் சிலிண்டர் வாயில் பூட்டுற சாமானில் இல்லை. இறப்பரின் பெயரும் செய்த ஆண்டும் பொதியில் அச்சடிக்காமல் இதை விற்கவே விடக்கூடாது.

அந்த இரண்டையும் இரவு மண்ணெண்ணெயில் ஊறப் போட்டன். காலையில ஒண்டு அப்படியே இருந்தது. மற்றது ஊதி, எடுத்த இடத்துக்குத் திரும்பப் போகேல்லை.