எத்தனை குப்பி போதும்?

நடவு நேரத்தில் காஞ்சிபுரம் அருகே கூரத்து வயலில் ஒருவரைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 108 வண்டி அவரைக் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் சேர்க்கும். அங்கே முதலில் செய்யப்படும் சோதனை மிக எளியது. அவரிடமிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருந்தால் சற்று மூச்சு விடலாம். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். வழக்கமாக 8 முதல் 10 குப்பி. ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனை, தேவைப்பட்டால் மறுபடியும் மருந்து.

ஏன் பத்துக் குப்பி? ஆறு போதாதா? இந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். குறைத்தால் உயிருக்கு ஆபத்து, கூட்டினால் ஒவ்வாமைக்கும் செலவுக்கும் அளவில்லை, அடுத்து வருபவருக்குக் கையிருப்பும் இருக்காது. சிறிய ஆய்வுகள் சில நடந்துள்ளன. ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகளை, பல மாவட்ட மருத்துவமனைகளில், ஒரே முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதற்குத் தீர்மானமான விடை கிடைக்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆண்டுக்குச் சராசரி 58,000. இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியைத் தருபவர்கள் நம் வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். விஷத்தை நாம் தருகிறோம். கடிபடுபவர்களும் நாம்தான். எத்தனை குப்பி போதும் என்ற கேள்வியை மட்டும் யாரும் பெரிய அளவில் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் புதிரல்ல. ஒரு மருந்தைப் புதிதாக விற்கவேண்டும் என்றால் அதைத் தயாரிக்கும் நிறுவனம் கோடிகளைச் செலவழித்து கிளினிக்கல் டிரையல் நடத்தும். ஏற்கெனவே விற்கும் மருந்தைக் குறைவாகக் கொடுத்தாலும் போதுமா என்று அறிய அந்த நிறுவனத்துக்கு எந்த அவசியமும் இல்லை. பழைய, மலிவான மருந்துக்குப் புதிய பயன் உண்டா, மாத்திரைக்குப் பதில் சோறும் பருப்பும் கொடுத்தால் நோய் தடுக்கப்படுமா என்பவையும் இப்படித்தான். இலாபம் இல்லாத கேள்விகளுக்கு அரசும் அரசு மருத்துவர்களும்தான் விடை தேடவேண்டும்.

தேடியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் என்ற மிக விலையுயர்ந்த மருந்தை வெறும் 20 மில்லிகிராம் அளவில், மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதம். இந்தச் சிறு அளவையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம். 2023-இல் முடிவு வெளியானது. அதே ஆண்டு ஜார்க்கண்டில் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவும் வந்தது. காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் வசித்த சுமார் 10,000 பேரில் ஒரு பகுதியினருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசிக்கும் பருப்புக்கும் எந்த நிறுவனம் காப்புரிமை வாங்கும்?

அந்த ஜார்க்கண்ட் ஆய்வில் சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அந்த நிறுவனம் பிறந்த கதை தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே சொல்லித் தரவேண்டிய ஒன்று. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அதைத் தொடங்கின. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, பால், முட்டை, நல்ல காற்று. நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் எந்த மூலைக்கு? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னையின் நெரிசலான குடிசைகளில், போதாத உணவோடு, வீட்டிலிருந்தே ஓராண்டு மாத்திரை சாப்பிட்டார்கள். பலனில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் தொற்றுவதும் அதிகரிக்கவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது.

அடுத்தது இன்னும் பெரியது. கூரம் அன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில்தான் 1968-இல் பிசிஜி தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. 209 கிராமங்களும் ஒரு நகரமும். வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பதிந்த மக்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை குழுவினர் ஊர் ஊராக வந்து நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி எடுத்தார்கள். இப்படிப் பதினைந்து ஆண்டுகள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பதே முடிவு. ஏமாற்றம்தான். ஆனால் உலகம் முழுவதும் போடப்படும் ஒரு தடுப்பூசி எதைச் செய்யாது என்பதை ஐயமின்றிச் சொன்னவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமத்து மக்கள். 1990-களில் இதே மாவட்டத்தில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் ஆய்விலும் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமானவர்கள் பங்கேற்றார்கள். இத்தனை பெரிய பொதுநல ஆய்வுகளைச் சுமந்த மண் இந்தியாவில் வேறு அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு என்ன ஆனது? ஆய்வு முடிந்ததும் குழு கலைந்தது. ஒவ்வொரு ஆய்வுக்கும் புதிதாக ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, நிதி தீர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நம் ஆராய்ச்சியின் இயல்பாகவே ஆகிவிட்டது. 2020 கொரோனாவின்போது இதன் விலை தெரிந்தது. பிளாஸ்மா சிகிச்சை பலன் தருமா என்று அறிய ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளைச் சேர்த்து, ஏப்ரல் 22 தொடங்கி மூன்று மாதத்துக்குள் 464 நோயாளிகளைச் சேர்த்தது. பலன் இல்லை என்று துணிந்து சொல்லவும் செய்தது. அந்த வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் அதே மாதங்களில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு பல்லாயிரம் நோயாளிகளைச் சேர்த்து, மலிவான டெக்ஸாமெத்தசோன் மருந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஜூன் 16 அன்றே அறிவித்துவிட்டது. நம் மருந்துக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து. நம் வார்டுகளில் நிரம்பி வழிந்த நோயாளிகள். விடை மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 2006 முதலே தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் என்ற அமைப்பு, சாதாரண ஊர் மருத்துவமனைகளில்கூட ஆய்வுச் செவிலியர்களை நிரந்தரச் சம்பளத்தில் வைத்திருந்தது. கேள்வி வந்தபோது ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

உள்கட்டமைப்பு என்றதும் நமக்குக் கட்டடமும் கருவியும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே தேவைப்படுவது ஆட்கள். ஒப்புதல் படிவத்தை நோயாளிக்கும் உறவினருக்கும் அவர்கள் பேச்சில் விளக்கும் செவிலியர், குலுக்கல்படி மருந்து எடுத்துத் தரும் மருந்தாளுநர், விவரங்களை அன்றன்றைக்குப் பதியும் ஒருவர், ஆறு மாதம் கழித்து வீடு தேடிப்போய் எப்படி இருக்கிறார் என்று கேட்கும் களப்பணியாளர், நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் கணக்கைச் சரிபார்க்கும் புள்ளியியலாளர். கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் செப்பேடு இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதியது. பரமேசுவரவர்மன் கோயிலுக்கு ஒரு ஊரைக் கொடுத்து, அதை 25 பங்காகப் பிரித்தான். மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தருபவருக்கு ஒரு பங்கு, அங்கே பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு என்று ஆண்டாண்டுக்கும் வருமானம் ஒதுக்கினான். மண்டபம் கட்டியதோடு நிறுத்தவில்லை. நம் நிதிநிலை அறிக்கைகளில் ஆய்வுப் பணியாளருக்கு அப்படி ஒரு நிலையான பங்கு இன்னும் இல்லை.

முயற்சிகள் இல்லாமலில்லை. 2007 முதல் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் தேசியப் பதிவேடு இருக்கிறது. மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள், ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை விற்பனை நோக்கமின்றி ஆராயும் மருத்துவர்களுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு தொடங்க வழிவிட்டன. ஐசிஎம்ஆர் ‘இன்டென்ட்’ என்ற பெயரில் ஆய்வு மருத்துவமனைகளின் வலைப்பின்னலைக் கட்டிவருகிறது. ஆனால் இவை பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளோடு நிற்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை. பாம்பு கடிபட்டவர்களும் வெற்றிலை பாக்கு, புகையிலையால் வாயில் புற்று வந்தவர்களும் மட்டும் இங்கே குறைவா? காரப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு மாவட்டம் தாண்டியும் ஏழைகள் வருகிறார்கள். குறைந்த அளவு நிவோலுமாப் போன்ற கேள்விகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

எதிர்ப்பும் வரும். ஏழைகளைச் சோதனை எலிகளாக்குவதா என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். 2010-இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில் பெற்றோர் ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்பது பெரும் சர்ச்சையாகி, அது நிறுத்தப்பட்டது. அந்த அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பத்துக் குப்பியா ஆறு குப்பியா என்று தெரியாமலே கொடுப்பதும் சோதனைதான். பதிவில்லாத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத சோதனை. நெறிமுறைக் குழுவும், பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும், வேண்டாம் என்று எந்த நேரமும் விலகும் உரிமையும் உள்ள ஆய்வில் சேர்பவர் அதைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார். முடிவு வந்ததும் அதை அவர் ஊருக்கே வந்து தமிழில் சொல்லவும் வேண்டும். இதை விதியாகவே எழுதவேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்ற வாதமும் உண்மை. அதற்காகத்தான் தனிப் பணியாளர் தேவை. நேரம் வீணாகும் இடமும் ஒன்று உண்டு. முதுகலை மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். தனித்தனியே ஐம்பது, நூறு நோயாளிகளை வைத்து எழுதப்படும் இந்த ஆய்வேடுகளில் பல நூலகத்திலேயே உறங்கிவிடுகின்றன. மாநிலம் முழுவதும் ஐந்து கேள்விகளை மட்டும் தேர்ந்து, இருபது கல்லூரி மாணவர்களை ஒரே ஆய்வில் சேர்த்தால், ஓரிரு ஆண்டில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரம் ஒரே கணக்கில் வந்து சேரும். பாம்புக்கடியைத் தமிழ்நாடு 2024-இல் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கிவிட்டது. எனவே நோயாளிகளின் பதிவுக்கு அடித்தளம் தயார். குப்பிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

பணம் எங்கே என்றால், இத்தாலி ஒரு வழி காட்டியது. மருந்து நிறுவனங்கள் விளம்பரத்துக்கும் மருத்துவர்களைக் கவர்வதற்கும் செலவிடும் தொகையில் 5 சதவீதத்தை அரசு மருந்து முகமையிடம் கட்டவேண்டும் என்று சட்டம் இயற்றி, அந்த நிதியில் 2005 முதல் வணிகநோக்கற்ற ஆய்வுகளுக்கு உதவியது. நம் நாடாளுமன்றம் அப்படிச் சட்டம் செய்யும்வரை மாநிலம் காத்திருக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனையிலும் காரப்பேட்டையிலும் தலா ஒரு சிறு ஆய்வுப் பிரிவு. ஒவ்வொன்றிலும் இரண்டு செவிலியர், ஒரு மருந்தாளுநர், ஒரு விவரப் பதிவாளர். ஒப்பந்தத்தில் அல்ல, மருத்துவத் துறையின் நிரந்தரப் பணியிடங்களாக. ஒரு புதிய கட்டடத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு தொகை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கையில் இந்த எட்டுப் பணியிடங்கள் இடம்பெறுமா என்று இந்த மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் கேட்கவேண்டும்.