மின்பாதையும் மனை வாங்குவோரும்

நேற்றுவரை வயலும் பொட்டலுமாகக் கிடந்த நிலங்களெல்லாம் மனைகளாக அளக்கப்பட்டுக் கல் நடப்படுகிற இக்காலத்தில், அந்நிலங்களின் மீது பல ஆண்டுகளுக்கு முன்பே அமைந்துவிட்ட உயர் அழுத்த மின்பாதைகளின் அருகே வீடு வாங்கலாமா என்ற கேள்வி எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முன் நிற்கிறது. சென்னை, கோவை போன்ற ஊர்களின் புறநகரில் மனை பார்க்கச் செல்பவர், டவர் லைனை ஒட்டிய மனைக்கு மட்டும் விலை குறைத்துச் சொல்லப்படுவதைக் கேட்டு ஆசையும் அச்சமும் ஒருங்கே கொள்வதும், ‘உடம்புக்குக் கெடுதல் உண்டா?’ என்று தரகரிடம் விசாரிப்பதும், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை சார்’ என்ற பதிலோடு திரும்புவதும் வழக்கம். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போகிறது என்பதும், அதைக் கேட்டறியும் பாரம் முழுவதும் வாங்குபவர் தலையில் விழுவது அநீதி என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

முதலில் தேக ஆரோக்கியத்தைப் பற்றிய அச்சத்தை எடுத்துக்கொள்வோம். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் என்ற இருவர், மின்கம்பிகளின் அமைப்புக்கும் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படுவதாக எழுதியதிலிருந்து இந்த விவாதம் ஓயவில்லை. 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மின்பாதைகளிலிருந்து எழும் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற வகுப்பில், அதாவது சந்தேகத்துக்கு இடமுண்டு, ஆனால் நிரூபணம் போதாது என்ற நிலையில் வைத்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா ஆராய்ச்சிகளையும் பரிசீலித்து, காரண காரியத் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை என்றே கூறிற்று. காந்தப்புலத்தின் நீண்டகாலச் சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட வீடுகளைப் பற்றித்தான் சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. கம்பியிலிருந்து விலக விலக அந்தப் புலம் விரைவாகத் தேய்ந்துவிடுகிறது. ஆகவே பீதி கொள்வதற்கு ஆதாரமில்லை. சிறு குழந்தைகள் உள்ள குடும்பம், வசதி இருந்தால் சற்றுத் தள்ளி மனை பார்ப்பதில் பிழையுமில்லை.

சந்தேகத்துக்கே இடமில்லாத அபாயம் வேறொன்று உண்டு. மின்சாரம் தொட்டால்தான் தாக்கும் என்று நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். உயர் அழுத்தக் கம்பியிலோ, தொடுவதற்கு முன்பே காற்றைத் தாண்டி அது பாய்ந்துவிடும். இதனால்தான் கட்டடத்துக்கும் கம்பிக்கும் இடையே இருக்கவேண்டிய குறைந்தபட்ச தூரம், 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் வரையறுக்கப்பட்டு, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலும் தொடர்ந்து வந்தது. அந்தக் கணக்கின்படி 110 கே.வி. (கிலோவோல்ட்) கம்பிக்குச் செங்குத்தாக 4.6 மீட்டரும் பக்கவாட்டில் 2.9 மீட்டரும், 230 கே.வி. கம்பிக்கு 5.5 மீட்டரும் 3.8 மீட்டரும், 400 கே.வி. கம்பிக்கு 7.3 மீட்டரும் 5.6 மீட்டரும் வேண்டும். இந்தத் தூரம், கம்பி மிக அதிகமாகத் தொய்ந்திருக்கும் நிலையிலும் காற்றில் மிக அதிகமாக ஒதுங்கும் நிலையிலும் இருக்கவேண்டிய தூரம். மார்கழிக் காலையில் அண்ணாந்து பார்த்துத் திருப்தி அடைந்தவர், சித்திரை வெயிலில் சூடேறி, மின்சுமையும் கூடிய வேளையில் அதே கம்பி எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்பதை அறியமாட்டார்.

மேலும், இந்தத் தூரக் கணக்குக் கட்டடத்தைப் பற்றியதுதான். கட்டுமானம் நடக்கும்போது, கீழே லாரியில் வந்திறங்கிய நாற்பதடி நீளமுள்ள முறுக்குக் கம்பியை மொட்டை மாடியிலிருந்து இரு கையாலும் மேலே இழுக்கிற தொழிலாளி, அதைத் திருப்பி வைக்கும் ஒரு கணத்தில் அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்க முடியாத நிலையில் நிற்கிறார். வீடு முடிந்த பிறகும், தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அலுமினிய ஏணியைத் தூக்குபவருக்கும், மாடியில் பட்டம் விடும் சிறுவனுக்கும், பத்தாண்டு கழித்து மகனுக்காக இன்னொரு தளம் எழுப்ப நினைக்கும் தகப்பனாருக்கும் அந்த மின்கம்பி அதே உயரத்தில்தான் இருக்கிறது. மின்பாதை அமைந்த பிறகு அதன் அருகே புதிதாகக் கட்டுபவரோ, இருக்கும் கட்டடத்தை உயர்த்துபவரோ, மின்பாதையின் உரிமையாளருக்கும் மின் ஆய்வாளருக்கும் வரைபடத்தோடு எழுத்து மூலம் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. அப்படி ஒரு விதி இருப்பதையே மனை வாங்குகிறவர்களில் பெரும்பாலோரிடம் எவரும் சொல்வதில்லை.

இனிச் சட்டத்தின் விஷயம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தை, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மின்பாதை அமைப்போருக்கும் வழங்க இடம் செய்தது. அந்த அதிகாரத்தின்படி நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பாத்தியதை உடையவரிடமே இருக்க, கம்பி செல்லும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குக் கிடைக்கிறது. பத்திரம் எழுதிப் பதிவு செய்து பெற்ற உரிமை அல்லவாதலால், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றைப் புரட்டினாலும் அது தென்படவேண்டிய அவசியமில்லை. பட்டாவும் தெளிவாகவே இருக்கும். ஆனால் 220 கே.வி. மின்பாதைக்கென வகுத்த வழித்தடத்தின் அகலம் 35 மீட்டர், அதாவது சுமார் 115 அடி. முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று முழுமையுமே அதற்குள் அடங்கிவிடக்கூடும். இத்தகைய தடத்தில் நிலத்தின் மதிப்புக் குன்றுகிறது என்பதை மத்திய மின்துறை அமைச்சகமே ஒப்புக்கொண்டு, 2015இல் நிலமதிப்பில் 15 சதவீதம் வரையிலும், 2024இல் 30 சதவீதமும் இழப்பீடு தரும்படி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அந்த இழப்பீடு அன்றைய உரிமையாளருக்கு உரியது. பின்னால் வாங்க வருபவருக்கோ மதிப்புக் குறைந்த நிலம் மட்டுமே வந்து சேர்கிறது.

‘கம்பி கண்ணுக்குத் தெரிகிறதே, பார்த்துத்தானே வாங்கினீர்கள்?’ என்று விற்பவர் கேட்கலாம். கம்பி தெரிகிறது, மெய்தான். அதன் மின்அழுத்தமும், அதற்குரிய தடத்தின் எல்லையும், அதன் பொருட்டு மேலே எத்தனை தளம் எழுப்ப முடியாமற் போகும் என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாதாரண ஜாக்கிரதையினால் வாங்குபவர் கண்டறிய முடியாததும், தமக்குத் தெரிந்ததுமான முக்கியக் குறைபாட்டை விற்பவர் வெளியிட்டாகவேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தத் தர்மம் இங்கேயும் பொருந்தவேண்டும் என்பதே என் வாதம்.

மின்பாதையின் மீது எனக்கு விரோதமில்லை. நெய்வேலியிலும் கூடங்குளத்திலும் பிறக்கும் மின்சாரம் ஏதோ ஒரு நிலத்தின் மேலாகத்தான் நம் வீடுகளுக்கு வரவேண்டும். பல இடங்களில் முதலில் வந்தது கம்பியே, பிறகு வந்தவைதான் வீடுகள். ஆகவே பரிகாரம் கம்பியை அகற்றுவதில் இல்லை, உண்மையை எழுதிவைப்பதில் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்கும்போது, மின்பாதையின் அழுத்தத்தையும் தடத்தின் இரு எல்லைகளையும் ஒவ்வொரு மனையின் எண்ணோடு சேர்த்து வரைபடத்தில் குறிக்கவேண்டும். அந்தச் சர்வே எண்களுக்குரிய வில்லங்கச் சான்றில் இதற்கென ஒரு குறிப்பு ஏறவேண்டும். வழிகாட்டி மதிப்பை நிர்ணயிக்கும்போதும் அந்த மனைகளின் குறைந்த மதிப்பைக் கருதவேண்டும். குறைந்த மதிப்புள்ள நிலத்துக்கு முழுமதிப்பின் மேல் முத்திரைத் தீர்வை வாங்குவது முறையன்று.

இவை நடக்கும்வரை வாங்குபவர் சிரத்தையோடு இருக்கவேண்டும். கோபுரத்தில் தொங்கும் அபாயப் பலகையில் மின்அழுத்தமும், எண் பலகையில் கோபுரத்தின் எண்ணும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு, மின்தொடரமைப்பு அலுவலகத்தில் மனு கொடுத்து, அந்த மனையில் எந்த உயரம்வரை கட்டலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும் முன் முன்பணம் கொடுக்கலாகாது. ஆனாலும், விலை மலிவாகக் கிடைத்த ஒரே காரணத்தால் அந்த மனைக்கு வருகிற ஏழை எளிய குடும்பத்தினர் ஆயுள் முழுதும் சேமித்த பணத்தைக் கொண்டுவருகிறவர்கள். அவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்துதான் தங்கள் பாதுகாப்பைத் தேடிக்கொள்ளவேண்டும் என்றால், சட்டம் அவர்களுக்கு உதவியது ஆகாது. மின்பாதை எங்கே செல்கிறது என்பது அரசுக்குத் தெரியும், விற்பவருக்கும் தெரியும். அதைக் கிரயப் பத்திரத்தில் சொல்ல ஒரு பத்தி போதும். அந்தப் பத்தி இல்லாத பத்திரத்தைப் பதிவு செய்யலாகாது என்று அரசு விதி செய்யவேண்டும்.