கேட்டவருக்கு உண்மை சொல்லுதல்

வேலை தேடிப் பெங்களூருக்கு ஆண்டுதோறும் இளைஞர் பலர் வருகின்றனர். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் உள்ள நிறுவனங்களுக்கு அவர்களுக்கு முன்னே செல்வது ஒரு தாள். 'ரெஸ்யூமே' என்று பலரும் வழங்கும் தன்விவரக் குறிப்பே அது. இந்நகரில் முன்பே பணிபுரியும் ஊர்க்காரர் ஒருவரிடம் அதனைக் காட்டி, "அண்ணா, சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்பது வழக்கம்.

எட்டு மாத வேலை அக்குறிப்பில் இரண்டு ஆண்டு என எழுதப்பட்டிருந்தால், பார்ப்பவர் என்ன சொல்ல வேண்டும்? கேட்டவர் நெருங்கிய நண்பர் அல்லர், அறிமுகமானவர் மட்டுமே. "எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்" என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். வீட்டுக் கடனும் அவரை நெருக்கலாம். 'நமக்கேன் வம்பு' என்று எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுப்பது எளிது. ஆயினும் அது உதவி ஆகாது.

முதற்காரணம், அவருக்கே நேரக்கூடிய இழப்பு. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த பணியாளர்களுக்கு 2014 முதல் 12 இலக்கங்கள் கொண்ட நிலையான எண் ஒன்று வழங்கப்படுகிறது. ஒருவர் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதை அப்பதிவு காட்டிவிடும். உயர்ந்த பதவியும் பொய்யைக் காப்பதில்லை. யாகூ நிறுவனத்தின் தலைவராக 2012 ஜனவரியில் பொறுப்பேற்ற ஸ்காட் தாம்சன், கணக்கியல் பட்டம் மட்டுமே பெற்றவர். கணினி அறிவியல் பட்டமும் பெற்றதாக அவருடைய விவரக் குறிப்பு கூறியது. உண்மை வெளிப்பட்டதும் அவ்வாண்டு மே மாதமே அவர் பதவி விலகினார். அதற்கு முன் பேபால் நிறுவனத்தை வழிநடத்தியவர் அவர். திறமை இருந்தும் ஒரு வரி அவரை வீழ்த்தியது.

இரண்டாம் காரணம், பிறருக்கு நேரும் இழப்பு. அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை இந்நகரத் தமிழ் மாணவர் பலர் கண்டிருப்பர். நன்மை தருமானால் பொய்யும் ஆகலாம் என்று வள்ளுவரே கூறினாரே எனச் சிலர் வாதிடுவர். ஆனால், அந்நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அவர் விதித்த நிபந்தனையே. உண்மையாகவே இரண்டு ஆண்டு உழைத்த ஒருவரின் இடத்தைப் பறிக்கும் பொய் எவ்வாறு குற்றமற்ற நன்மை ஆகும்?

எனினும், சொல்லும் முறை ஒன்று உண்டு. இடித்துரைக்கும் உரிமை நெருங்கிய நண்பர்க்கு உரியது. அறிமுகமானவரிடம் அவ்வுரிமையை எடுத்துக்கொள்ளலாகாது. "நீர் பொய்யர்" என்பதைவிட, "இவ்வரி உண்மைக்கு மாறானது, நானாக இருந்தால் எழுதமாட்டேன்" என்பது நன்று. அத்துடன் நின்றுவிடாமல், அந்த எட்டு மாதத்தில் அவர் கற்றவை எவை, செய்து முடித்தவை எவை என்று கேட்டு, அவற்றைத் தெளிவாக எழுத உதவ வேண்டும். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதும் இல்லை. தந்தை பெயர், சாதி, சமயம் முதலிய வேலைக்குத் தொடர்பற்ற செய்திகளை விட்டுவிடலாம். தேவையற்றதை விடுதல் வேறு. இல்லாததைச் சேர்த்தல் வேறு.

இவ்வளவும் கேட்ட பின்னரும் அவர் தம் விருப்பப்படியே எழுதலாம். தாள் அவருடையது, முடிவும் அவருடையதே. ஆனால், அப்பொய்யைத் தம் கையால் எழுதித் தரவும், அவருக்காகப் பரிந்துரை செய்யவும் மறுக்கும் உரிமை அறிவுரை கூறுபவருக்கு உண்டு. கருத்து வேறுபட்டாலும் மரியாதை குறையவேண்டியதில்லை. மரியாதைக்காக உண்மையை மறைக்கவேண்டியதும் இல்லை.