மாப்பேணியும் மண்சட்டியும்

"வீட்டில் ஆக்கிக் கொடுத்தால் பிள்ளைக்குச் சத்துக் காணாது" என்ற வசனத்தை யாழ்ப்பாணத்திலும் கேட்கிறேன். ரொறன்ரோவிலிருந்து தொலைபேசும் உறவினரிடமும் கேட்கிறேன். படித்த தாய்மாரே இதைக் கூடுதலாகச் சொல்கின்றனர். தம் கையால் சமைத்த சோற்றில் நம்பிக்கை இழந்து, தகரப்பேணியில் அச்சிட்ட எழுத்தில் நம்பிக்கை வைக்கும் இந்த மனநிலை தானாக உண்டானதன்று. உண்டாக்கப்பட்டது.

எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதைப் பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன் என்ற வகையில் ஓரளவு அறிவேன். நலவாழ்வுப் பக்கத்தில் குழந்தை உணவு பற்றிய கட்டுரை வரும். அதே பக்கத்தின் அடியில், கொழுகொழுவென்ற குழந்தையின் படத்துடன் மாப்பேணி விளம்பரம் வரும். அந்தப் பக்கத்தின் அச்சுச் செலவைத் தாங்குவது விளம்பரமே. கீரைப்பிடிக்கும் பயற்றுக்கும் யார் விளம்பரம் கொடுப்பார்?

1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் சந்தைப்படுத்தலைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிக்கோவையை ஏற்றுக்கொண்டது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. பால்மாவின் மீது கடிவாளம் விழுந்தது. ஆனால் ஆறு மாதத்தின் பின் கொடுக்கும் தானியமாப் பேணிகளின் பவனி தொடர்ந்தது.

அந்தப் பேணிக்குள் இருப்பது என்ன? சுவிற்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நெஸ்லே நிறுவனம் ஆறு மாதக் குழந்தைகளுக்கென விற்கும் கோதுமைத் தானிய உணவில், ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் சீனி சேர்க்கப்படவில்லை. எத்தியோப்பியாவிலோ ஒரு தடவை ஊட்டும் அளவில் 5 கிராமுக்கு மேலும், தாய்லாந்தில் 6 கிராமும் சேர்க்கப்பட்டிருந்தது. இந்தியாவில் சராசரி 3 கிராமை அண்மித்திருந்தது. அந்தந்த நாட்டுச் சட்டங்களுக்கு அமையவே நடப்பதாக நிறுவனம் பதில் சொன்னது. சட்டம் இடங்கொடுக்கிறது என்பது சரி; மனச்சாட்சியும் இடங்கொடுக்கிறதா? ஐரோப்பியக் குழந்தைக்கு வேண்டாத சீனி எத்தியோப்பியக் குழந்தைக்கு எதற்கு?

இதற்காக மண்சட்டிக்குத் துதி பாட நான் வரவில்லை. எங்கள் அடுப்படியிலும் குற்றமுண்டு. கஞ்சித் தண்ணீரையே மாதக்கணக்கில் பருக்குகிறோம். தேநீரில் நனைத்த பிஸ்கற்றை உணவென்கிறோம். நாக்கில் தேன் தடவுகிறோம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் எனும் கொடிய நச்சுநோய் வரக்கூடும். தேநீரோ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்தின் சேமிப்பு ஆறு மாதமளவில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இருப்பதும் சொற்பமே. அந்த இடைவெளியைக் கஞ்சித் தண்ணீர் நிரப்பாது. "நாங்கள் இப்படித்தான் வளர்த்தோம்" என்னும் மாமியாரின் சொல்லும், "எங்கள் பேணியில் எல்லாம் உண்டு" என்னும் கம்பனியின் சொல்லும், தாயின் வாயை அடைப்பதில் ஒன்றே.

உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில், மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்; அதன்பின் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலோடு வீட்டுணவு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழையக் காய்ச்சிய சோறு, மைசூர்ப் பருப்பு, ஒரு பிடி முருங்கையிலை அல்லது பூசணித்துண்டு. சில நாளில் முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல். மேலே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத தடிப்பில் மசித்தால் போதும். தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு, மூன்று தடவை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று, நான்கு தடவை. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காதிருத்தல் எங்கள் வெயிலுக்கு மிக அவசியம். இப்பொருள்களில் பெரும்பாலானவை ஸ்காபரோவிலும் லா சப்பலிலும் உள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கும்.

இறக்குமதிப் பேணியை நம்பிய வாழ்வு எவ்வளவு நிலையற்றது என்பதை அண்மையில் கண்டோம். 2021 ஒக்டோபரின் தொடக்கத்தில் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பொதி, 2022 மார்ச்சில் 790 ரூபாவானது. டொலர் வற்றியதும் பால்மாவும் வற்றியது. வேலியோர முருங்கை டொலர் கேட்கவில்லை.

எனினும் தாய்மாரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவோருடன் நான் உடன்படேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறது அரசாங்கம். 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டங்களுக்குப் பின்பும் தனியார் துறைத் தாய்க்கு அது தரும் பிரசவ விடுமுறை 84 நாள். ஆறு மாதம் எங்கே, 84 நாள் எங்கே? கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன்னும், மலையகத்தில் கொழுந்துக் கூடையுடனும் நிற்பவளுக்குக் கீரை ஆயச் சொல்லிப் பிரசங்கம் செய்வது இலகு. பேணி அவளுக்குச் சத்தை விற்கவில்லை. அவளிடம் இல்லாத நேரத்தை விற்கிறது. அதுவே அதன் வெற்றியின் இரகசியம்.

ஆகவே எனது கோரிக்கைகள் மூன்று. குழந்தை உணவில் சேர்க்கும் சீனியைச் சட்டம் தடைசெய்யட்டும். பிரசவ விடுமுறை ஆறு மாதமாகட்டும். மூன்றாவது, சட்டம் தேவையில்லாதது: "வீட்டுச் சாப்பாடே சிறந்தது" என்று முகப்புத்தகத்தில் முழங்கும் ஆண்மக்கள், நாளை காலை எழுந்து, தம் பிள்ளைக்குத் தாமே பருப்பும் சோறும் மசித்துத் தீத்தட்டும்.