தலைவன் யார் என்று கேட்ட வாசகிக்கு



புதுச்சேரியில் பத்துக்கண்ணுப் பக்கமிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் ஊசுடு ஏரிக்குத் திரும்பும் பறவைகளைத் தினமும் பார்ப்பாராம். “அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன, ஒன்றை ஒன்று இடித்துக்கொள்வதும் இல்லை. இதில் தலைவன் யார்?” என்று கேட்கிறார். கூட்டமாக வாழும் உயிர்களுக்கென்று இந்த இதழை ஒதுக்கியதற்கு அந்தக் கடிதமே காரணம்.

தலைவன் இல்லை அம்மா. வில்லியனூர்த் தேருக்கு எத்தனை பேர் வடம் பிடித்தாலும், முட்டுக்கட்டை போட ஒருவர் இருக்கிறார், நிறுத்து என்று கை காட்ட ஒருவர் இருக்கிறார். பறக்கும் கூட்டத்தில் அப்படி யாரும் கிடையாது. இதைப் பார்த்துப் பார்த்து வியந்த எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயப் பறவை ஆர்வலர், பறவைகள் ஒன்றின் எண்ணத்தை மற்றொன்று நேரடியாக அறிகின்றனவோ என்று 1931-இல் ஒரு புத்தகமே எழுதினார். கண்ணால் மட்டும் பார்த்துக் கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

விளக்கம் ரோம் நகரிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து நம் நாட்டுக்கு வரும் சூறைக்குருவியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சோளக்குருவி என்றும் சொல்வோம். அதற்கு ஐரோப்பாவில் ஓர் உறவு உண்டு, ஸ்டார்லிங். குளிர்காலத்தில் ரோம் நகர மரங்களில் இரவு தங்க ஆயிரக்கணக்கில் வந்து அடையும். அடைவதற்கு முன் வானத்தில் புகை மாதிரி சுருண்டு விரிந்து சுழலும். ஆந்திரேயா கவாஞ்ஞா முதலிய இயற்பியலாளர்கள், டெர்மினி ரயில் நிலையத்தை அடுத்த அருங்காட்சியகத்தின் மொட்டை மாடியில் கேமராக்களை வைத்து அந்தக் கூட்டங்களைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு பறவையும் வானில் எங்கே இருந்தது என்று கணக்கிட்டு, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஒரு பறவை கவனிப்பது தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே. அந்த ஆறேழும் நெருங்கி இருக்கலாம், தள்ளியும் இருக்கலாம். தூரம் பொருட்டல்ல, எண்ணிக்கைதான் பொருட்டு. வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறினாலும் பழைய தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது இதனால்தான். ஓர் ஓரத்தில் சில பறவைகள் திரும்பினால், அந்தத் திருப்பம் நொடிக்கு 20 முதல் 40 மீட்டர் வேகத்தில் மறு ஓரம் வரை ஓடிவிடுகிறது. கீழே நிற்கும் நமக்கு எல்லாம் ஒன்றாகத் திரும்பியதாகத் தெரிகிறது.

ஊசுடுவின் நாமக்கோழிகளிடமும் இதைப் பார்க்கலாம். தண்ணீரில் பரவி மேய்ந்துகொண்டிருப்பவை, மேலே சேற்றுப் பூனைப்பருந்து வந்ததும் நெருங்கி ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். எல்லாக் கோழியும் பருந்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கோழி நகர்வதைப் பார்த்தால் போதும்.

ஆபத்தில் எல்லாருக்கும் ஒரே விருப்பம். விருப்பங்கள் வேறானால்? கென்யாவின் ம்பாலா ஆய்வு மையத்தில் ஒரு பபூன் குரங்குக் கூட்டத்துக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு. முன்னே போகும் இரண்டு குரங்குகளின் திசைகள் ஓரளவு ஒத்திருந்தால், பின்னால் வருபவை நடுவழியில் போகின்றன. திசைகள் நன்றாக விலகினால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன, பெரும்பாலும் அதிகம் பேர் போகும் பக்கம். கூட்டத்தின் வலிமையான ஆண் குரங்கு கிளம்பினாலும் அதற்குத் தனிச் சலுகை இல்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது தேனீக்களின் முறை. தோப்பில் தேன்கூடு பிரிந்து, பாதித் தேனீக்கள் ராணியோடு கிளையில் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புது வீட்டை ராணி முடிவு செய்வதில்லை. இடம் தேடிப் போன தேனீக்கள் திரும்பி வந்து, கண்ட இடத்தை ஆடிக் காட்டுகின்றன. 1949-இல் ம்யூனிக்கில் மார்ட்டின் லிண்டவர் அப்படித் தொங்கிய கொத்து ஒன்றின் மேல் ஆடிய தேனீக்களைப் பார்த்தார். பூந்தாதுக்குப் பதிலாக அவற்றின் உடம்பில் புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன. போரில் இடிந்த நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் வீடு தேடிவிட்டு வந்தவை அவை! நல்ல இடம் கண்ட தேனீ நெடுநேரம் ஆடும். சுமாரான இடம் என்றால் சீக்கிரம் நிறுத்திவிடும். ஆட்டத்தைப் பார்த்த மற்றொன்று அதை அப்படியே நம்பி ஆடிவிடாது. தானே போய்ப் பார்த்து வந்துதான் ஆடும். வேறு இடத்துக்கு ஆடுபவளைத் தலையால் முட்டி நிறுத்துவதும் உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் சீலியின் குழு 2012-இல் காட்டியது. ஏதோ ஓர் இடத்தில் போதுமான தேனீக்கள் கூடிவிட்டால் முடிவு ஆயிற்று. கொத்து கிளம்பும்போது போகிற இடம் தெரிந்தவை நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. மற்றவை அவற்றின் வேகத்தைப் பார்த்தே போய்ச் சேர்கின்றன.

இந்தச் சேதியெல்லாம் பக்கத்து உடம்பின் அசைவிலும் குரலிலும்தான் போகிறது. அதனால்தான், அசைவு தெரியாத இருட்டில் குரலையும் அமுக்கித் திடீரென்று கிளம்பும் வெடிச்சத்தத்தை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது. 2021 புத்தாண்டுக் காலையில் டெர்மினி நிலையத்தின் பக்கத்துத் தெருக்களில் நூற்றுக்கணக்கான பறவைகள் செத்துக் கிடந்தன, பெரும்பாலும் அதே ஸ்டார்லிங்குகள். முந்தின இரவின் பட்டாசுகளே காரணம் என்று விலங்கு நல அமைப்பினர் சொன்னார்கள். மாடியிலிருந்து ஆராய்ந்த அதே வட்டாரம்.

நம் தமிழ் நாட்டிலோ சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊசுடு 2008-இல் புதுச்சேரி அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் மாதங்களில்தான் நமக்குத் தீபாவளி. ஏரிக்கரை ஊர்க்காரர்களே, மத்தாப்பும் பூவாணமும் குழந்தைகள் கையில் இருக்கட்டும். வெடியை மட்டும் கரையிலிருந்து தள்ளி வையுங்கள். உங்கள் தெருவில் இதை எடுத்துச் சொல்ல நீங்கள் முன்வந்தால் எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் ஊர்ப் பெயரோடு போடுகிறோம்.

பறவைக் கூட்டத்தைப் பார்த்தால் அதையும் எழுதியனுப்புங்கள். நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த மரத்தில் அடைந்தது, இவை இருந்தால் போதும். பெயர் தெரியாத பறவை என்றாலும் தயங்க வேண்டாம், கேட்டுச் சொல்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்