சேலைக்கும் ஒரு கையெழுத்து வேண்டும்

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. நாட்டில் இப்படி ஏழு பூங்காக்கள். தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். மழையை நம்பிப் பருத்தி போட்ட கரிசல் பக்கத்துக்கு இது பெரிய சேதி. சாலை எப்போது வரும், தண்ணீர் எங்கிருந்து வரும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், சாயக்கழிவு எங்கே போகும் என்று மக்கள் கேட்கிறார்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அங்கே நெய்யப்போகும் துணியில் பூவையும் கொடியையும் வரையப்போவது யார்? இந்த மாவட்டத்தில் அருப்புக்கோட்டை தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடும் ஊர். பூங்கா வரும் காலத்தில் அந்தத் தறிக்கான சித்திரம் காகிதத்தை விட்டுக் கணினித் திரைக்குப் போய்விட்டது. இந்த மாற்றம் நெசவுக் குடும்பத்தைக் கலைஞராக ஆக்க வல்லது. அதே மாற்றம் அவர்களை வெறும் கூலிக்காரர்களாகவே நிறுத்தி வைக்கவும் வல்லது. எது நடக்கும் என்பதைக் கணினி தீர்மானிக்காது, நாம்தான் தீர்மானிக்கப்போகிறோம்.

தறிக்குப் படம் வரைவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில் பாவு நூலைத் தூக்குவது கொக்கிகள். எந்தக் கொக்கி தூக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்வது துளை போட்ட அட்டை. ஒரு ஊடை ஓட ஓர் அட்டை. 240 கொக்கிப் பெட்டியில், நாலு அங்குல உயரத்துக்கு ஒரு மாங்காய்ப் புட்டா வேண்டும், அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 240 அட்டை. கிராஃப் தாளில் எண்ணினால் 57,600 கட்டம். அத்தனை கட்டத்திலும் இது நிறமா, வெறுமையா என்று ஒருவர் முடிவு செய்து, பென்சிலால் கோடிட்டு, மையால் நிரப்ப வேண்டும். இன்னொருவர் அதைப் பார்த்து அட்டை குத்த வேண்டும். பிறகு அட்டைகளை வரிசை மாறாமல் நூலால் கோத்துத் தறிமேல் ஏற்ற வேண்டும். நெய்து பார்த்தபின் மாங்காயின் மூக்கு கொஞ்சம் சப்பையாக இருக்கிறதே என்று தோன்றினால் தாளில் திருத்தி, அந்த அட்டைகளை மறுபடி குத்த வேண்டும்.

இதில் தாளும் மையும் பெரிய செலவு இல்லை. தப்பு செய்து பார்ப்பதுதான் பெரிய செலவு. புது டிசைன் ஒன்று சந்தையில் போகாவிட்டால் வரைந்த கூலியும், குத்திய கூலியும், தறி சும்மா நின்ற நாட்களும் நட்டம். அந்த நட்டத்தைத் தாங்கக்கூடியவர் முதலாளி மட்டுமே. அதனால் டிசைனைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி நெய்யும் வீட்டில் எத்தனை கற்பனை இருந்தாலும் அது துணிக்கு வராது. கணினி வந்ததும் மாறிப்போனது இந்தக் கணக்குதான். திரையில் மாங்காயின் மூக்கைத் திருத்த அரை நிமிடம் போதும். கரையின் நிறத்தைப் பத்து விதமாக மாற்றிப் பார்க்கலாம், முந்தியைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கலாம், நூல் ஒரு முழம்கூடச் செலவாகாது. மின்னணு ஜக்கார்டு இருந்தால் அட்டையே வேண்டாம், கோப்பு நேராகத் தறிக்குப் போய்விடும். தமிழ்த் திரையிசையிலும் இதே கதைதான் நடந்தது. கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி அமைத்த சிறிய ஒலிக்கூடத்தில் ஏ.ஆர்.ரகுமான் ஓசைகளை அடுக்கியும் கலைத்தும் பார்க்க முடிந்ததால்தான் 1992-இல் ‘ரோஜா’ அப்படி ஒலித்தது. திறமை முன்பும் இருந்தது. ஆளுக்குச் சம்பளம் கொடுக்காமல் நூறு தடவை சோதித்துப் பார்க்கும் வசதி முன்பு இல்லை.

கணினி எங்கிருந்தோ வந்து தறிக்குள் நுழைந்த அந்நியப் பொருள் என்று நினைப்பவர்கள் அதன் பிறப்பையும் பார்க்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிக்காக 1804 வாக்கில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் கணினிக்கு முன்னோடியான தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் தன்னிடம் வைத்திருந்தார். துளை இருக்கிறது, துளை இல்லை என்ற அந்த இரண்டே சொல் மொழியில்தான் கணினி இன்றும் பேசுகிறது. இன்னொரு சான்று எனக்கு இதைவிடப் பிடித்தது. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் திரையில் தெரிந்த சின்னங்களை வரைந்த சூசன் கேர் அவற்றை முதலில் கிராஃப் நோட்டில்தான் வரைந்தார். அகலம் 32 கட்டம், உயரம் 32 கட்டம், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. பின்னல் வேலையிலும் மொசைக்கிலும் பழகிய கை அது. நெசவு டிசைனர் அந்த நோட்டைப் பார்த்தால் தன் தொழில் என்றே அடையாளம் கண்டுகொள்வார். கட்டத்தை நிரப்பி உருவம் செய்யும் அறிவில் நம் நெசவூர்கள் யாரிடமும் போய்ப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

கையால் வரைந்த கோட்டில் இருக்கும் உயிர் மவுசில் வராது என்பது பலர் சொல்லும் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் உண்மை இருக்கும் இடம் வேறு. படத்தை அப்படியே பெரிதாக்கினால் வளைவுகள் படிக்கட்டாக உடையும். இணையத்தில் எடுத்த பூவைத் திரையில் ஒட்டி அனுப்பினால் துணியின் பின்புறம் நூல் கட்டுப்படாமல் நீளமாகத் தொங்கும். கட்டிய மறுநாளே கால் மெட்டியில் மாட்டி இழுபடும். எத்தனை ஊடைக்கு ஒருமுறை நூலைக் கட்ட வேண்டும், எந்த நூல் எண்ணுக்கு எவ்வளவு தாங்கும், எந்த வளைவில் ஒரு கட்டத்தைத் தள்ளி வைத்தால் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும் என்பதெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்த விஷயம். ஆகவே கெடுதல் கணினியால் வருவதில்லை, தறி தெரியாதவர் கணினி முன் உட்காருவதால் வருகிறது. காஞ்சிபுரத்தில் பழைய ‘அடை’ முறை போய் ஜக்கார்டு பெட்டி வந்தபோதும் ஒரு கைத்திறன் போயிற்று. இன்று நாம் மரபு என்று கொண்டாடும் பட்டு டிசைன்கள் பலவும் அந்தப் பெட்டியில் நெய்தவைதான். அட்டை குத்தி வாழ்ந்தவர்களின் பிழைப்பு போனதை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. அது உண்மையான இழப்பு. அதற்கு ஈடு செய்ய ஒரே வழி, அந்த அறிவு உள்ள வீடுகளுக்கே திரையைக் கொண்டு போவது.

அப்படிக் கொண்டு போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சினிமா பேனர்களே சாட்சி. தமிழ்நாட்டில் ஐம்பதடி உருவங்களைக் கையால் வரைந்த ஓவியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது, சில ஆண்டுகளில் தூரிகைகள் காய்ந்தன. உருவத்தின் அளவும் முகத்தின் ஒளியும் அறிந்த கண்கள் அந்த ஓவியர்களிடம் இருந்தன. கணினியும் அச்சு இயந்திரமும் வேறு கடையில் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைக்க அரசோ சங்கமோ ஒரு முயற்சியும் பெரிதாக எடுக்கவில்லை. இதே கரிசல் வட்டாரத்தில் இதற்கு நேர் எதிரான முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த சி.கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டராகி வீடு வீடாகப் போயின. இயந்திரம் லட்சக்கணக்கில் பிரதி எடுத்தும் அவர் கலைஞராகவே நின்றார். காரணம் எளியது: படத்தின் மூலையில் அவர் கையெழுத்து இருந்தது. பூசையறையில் விளக்கேற்றியவர்கள் அதைப் படித்தார்கள், அவர் சீடர்கள் பெயரையும் தெரிந்துகொண்டார்கள். சேலைக்கு அப்படி ஒரு மூலை இல்லை. ஒரு நல்ல முந்தியைப் பார்த்து இது யார் கை என்று சொல்ல நம்மிடம் வழியே கிடையாது. 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறி வாரியத்தில் துணிகளுக்கு வடிவம் வரைந்தார் ஓவியர் ஜோகன் சௌத்ரி. அவர் ஓவியங்களை உலகம் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. அவர் வரைந்த துணியை உடுத்தியவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. பேர்பெற்ற ஓவியருக்கே இந்த நிலை என்றால் ஊர் டிசைனரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தில் பெயர் எழுதினால் அது தாளோடு போய்விடும். கோப்பில் எழுதினால் வடிவத்தோடு பயணம் செய்யும். வரைந்தவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் கோப்பிலேயே பதிக்க ஒரு பைசா செலவில்லை. ஆனால் சட்டம் தெரியாமல் பெயர் மட்டும் போட்டுப் பயனில்லை. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, அதன்மேல் 5 ஆண்டு நீட்டிப்பு. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, அது தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாகிவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிப்புரிமையும் போய்விடும். ஐம்பது சேலை என்பது இன்றைய விசைத்தறிக்கு எம்மாத்திரம்! அதோடு, கூலிக்கு வரைந்து கொடுத்தால் உரிமை கூலி கொடுத்தவருக்கே. புவிசார் குறியீடு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். மதுரைச் சுங்குடிக்கு அது 2005-லேயே கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கும், வரைந்த ஆளின் பெயரைக் காக்காது. முடிச்சுப் போட்டு உண்டாக்கும் சுங்குடிப் புள்ளிகளை அச்சில் ஏற்றிய சேலைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. மாங்காயும் கோபுரமும் அன்னமும் ஊர்ச்சொத்து, அவற்றை யாரும் தனக்கென்று பதிந்துகொள்ள முடியாது, கூடவும் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது புதிதாக வரையப்படும் வடிவத்துக்கு.

இனி செயற்கை நுண்ணறிவே வரைந்து தள்ளும், ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சொன்ன மாத்திரத்தில் ஆயிரம் பூ அது போடும் என்பது மெய். அந்த ஆயிரத்தில் நெய்யத் தகுந்தது எது, சித்திரை வெயிலில் வயல்வேலைக்கும் கட்டக்கூடிய பருத்திச் சேலைக்கு ஏற்றது எது, கல்யாண வீட்டுக்கு எது என்று ஒருவர் தேர்ந்தெடுக்கத்தானே வேண்டும்? வரைதல் மலிவாக மலிவாகத் தேர்வுக்கு மதிப்பு கூடும். மேலும் அந்த மென்பொருள் இதுவரை மனிதர்கள் வரைந்து வைத்த படங்களிலிருந்துதான் கற்றது. நம் ஊர்ப் பழைய கிராஃப் தாள்கள் பரணில் செல்லரித்துக்கொண்டிருந்தால் அதற்கு நம் கரையும் தெரியாது, நம் புட்டாவும் தெரியாது. எங்கோ ஒரு பொதுவான இந்தியப் பூவை நமக்கே திருப்பி விற்கும்.

நெசவாளிக்குக் கணினி வருமா, அவர்களுக்குப் படிப்பேது என்ற கடைசி மறுப்பை நான் ஏற்கவே மாட்டேன். ஆயிரக்கணக்கான இழைகளை வரிசை பிசகாமல் அச்சில் பிணைப்பவர்களுக்குத் திரையில் கட்டம் நிரப்புவது பெரிய வித்தை இல்லை. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று தெரிந்தது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய இந்த வேலை முதலில் அவர்களுக்கு உரியது. மென்பொருள் விலை அதிகம் என்ற சாக்கும் இல்லை. ஜக்கார்டு, டாபி நெசவுக்கென்றே மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய ‘டிஜிபுனாய்’ திறந்த மூல மென்பொருள். பழைய கணினி ஒன்று இருந்தால் தொடங்கிவிடலாம்.

மித்ரா திட்டத்தின் நெறிமுறைகளில் வடிவமைப்பு மையம் என்ற சொல் இருக்கிறது. குமாரலிங்கபுரத்தில் அந்த மையத்தின் கதவு ஆலை முதலாளிகளுக்கு மட்டும் திறந்தால் அது இன்னொரு ஃபிளெக்ஸ் கடையாகிவிடும். மாவட்ட நிர்வாகத்தையும் சிப்காட்டையும் கைத்தறித் துறையையும் கேட்டுக்கொள்வது இதுதான். அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவு வீடுகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கிடக்கும் கிராஃப் தாள்களை, வரைந்தவர் பெயர் தெரிந்தவரை பெயரோடு, ஸ்கேன் செய்யுங்கள். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு அங்கே இருக்கை கொடுங்கள். அவர்கள் வரையும் புது வடிவங்களை அதே கட்டடத்தில் பதிவு செய்து கொடுக்க ஓர் அலுவலரை அமர்த்துங்கள். பூங்காவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சேலையின் சீட்டிலும் விலைக்குப் பக்கத்தில் வரைந்தவர் பெயரையும் அச்சிடுங்கள். பருத்திச் செடி மட்டும் நம்முடையது, பூ வேறொருவருடையது என்ற நிலை இந்த 1,052 ஏக்கரில் வர வேண்டாம்.