'நீங்க கேரளாவா?' - 70 வளைவு இறங்கி வரும் கொல்லிமலை டீன் ஏஜ்!

கொல்லிமலைன்னு தேடினா உங்க போன்ல என்ன வரும்? காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், பனிக்குள்ள ஒரு பைக். ரீல்ஸ் எல்லாமே மலை ஏறுற கதைதான்.

அங்கேயே பிறந்து வளர்ந்த 17 வயசுப் பிள்ளைக்கு அது இறங்குற சாலை. பிளஸ் டூ முடிச்சதும் நாமக்கல், ராசிபுரம், சேலம்னு காலேஜுக்கு இறங்கணும். தன்னைப் பத்தியும், ஃப்ரெண்ட்ஸ் பத்தியும், வீட்டைப் பத்தியும் பல விஷயங்கள் புரிய ஆரம்பிப்பது அந்த இறக்கத்துலதான்.

நான் யாரு?

கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழும் பழங்குடி மக்களின் பெயர், 'மலையாளி'. கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. பேசுறது தமிழ். காஞ்சிபுரம் பக்கம் இருந்து வந்த அண்ணன் தம்பிகள் கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலைன்னு பிரிஞ்சு குடியேறினதா அவங்களோட வாய்மொழிக் கதை சொல்லுது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பிலும் இந்தக் கதை இருக்கு.

மலையில் இருக்கும்வரை 'நீ யாரு'ன்னு யாரும் கேட்க மாட்டாங்க. கீழே இறங்கின முதல் வாரமே 'நீங்க கேரளாவா?' வந்துடும். சாதிச் சான்றிதழைப் பார்த்துட்டு, 'உனக்கென்னப்பா, சீட் ஈஸி' என்பதும் வரும். முதல் கேள்விக்கு சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லிடலாம். ரெண்டாவதுக்குப் பதில் சொல்லணும்னா, தான் எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு முதல்ல தனக்கே தெரியணும். டீன் ஏஜ்ல எல்லாருக்கும் வர்ற 'நான் யாரு' குழப்பம், இவங்களுக்கு அடுத்தவங்க கேள்வி வழியாவும் வருது.

பெஞ்சுல காலியான இடம்

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. ஹாஸ்டல்ல ஒண்ணா சாப்பிட்டு, ஒண்ணா தூங்கி வளரும்போது ஃப்ரெண்டுங்கிறவ கிட்டத்தட்ட கூடப்பிறந்தவ மாதிரி. நகரத்துல நட்பு உடையுறதுன்னா சண்டை, இல்லைன்னா பிளாக். மலையில் இன்னொரு விதமும் உண்டு. பத்தாவது லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கும்போது, பக்கத்து இடம் காலியா இருக்கும். வேலைக்குப் போயிருக்கலாம். கல்யாணம் ஆகியிருக்கலாம்.

2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகியிருக்கணும். இது ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா 'அது அவங்க வீட்டு விஷயம்'னு பெரியவங்க சொல்லும்போது 16 வயசுல என்ன செய்ய முடியும்? முடியும். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் பண்ணலாம். நட்புன்னா என்னன்னு அந்த வயசுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது.

அம்மாவின் கை

ஒரு காலத்துல சாமை, தினை, கேழ்வரகுதான் கொல்லிமலையின் சாப்பாடு. அப்புறம் மரவள்ளி பரவுச்சு. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போனா கையில காசு வந்தது. சாமை குறைஞ்சதுக்கு இன்னொரு காரணம், அதைக் குத்தி உமி நீக்குற வேலை. அது முழுக்கப் பெண்கள் தலையில். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களை மீட்க வேலை செஞ்சப்போ, விதை வங்கியோடு அரவை இயந்திரங்களையும் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஸ்கூல்ல 'களி சாப்பிடுறவங்க'ன்னு கூசின பிள்ளை, நகரத்துக் கடையில் அதே சாமை அழகான பாக்கெட்டில் விலை போறதைப் பார்க்கும். 2023-ஐ ஐ.நா சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சதைப் படிக்கும். அப்போதான் அம்மாவின் காய்ச்சுப்போன கை ஞாபகம் வரும். கிழங்கு விலை இறங்கின வருஷம் அப்பா ஏன் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தார்னும் புரியும். அப்பா அம்மாவையும் கஷ்டப்படும் மனுஷங்களாகப் பார்க்கிற பக்குவம் அங்கேதான் ஆரம்பிக்குது.

தாலித் தங்கத்திலிருந்து கல்லூரிக்கு

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். தாலிக்கு 8 கிராம் தங்கம், கூடவே பணம். 2022-ல் அதே பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. செப்டம்பர் 5-ல் தொடங்கிய 'புதுமைப் பெண்' இதுதான். 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, காலேஜ் சேர்ந்த மாணவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். ஆண்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட்டில் வந்தது.

'கல்யாணம் பண்ணினா காசு' என்பது 'படிச்சா காசு' ஆனது பெரிய மாற்றம். வீட்டில் 'மேல படிக்கணும்'னு பேச, பிள்ளைக்கு ஒரு பிடி கிடைச்சிருக்கு. ஆனா அந்தப் பணம் காலேஜ் வாசல் தொட்ட பிறகுதான் வருது. பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவில் பெஞ்சைக் காலி பண்ணினவளுக்கு இதில் எதுவும் இல்லை. நிஜமான ஆபத்து அந்த ரெண்டு வருஷத்துலதான். திட்டம் முதலில் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான்.

2024-ல் பக்கத்துப் பச்சைமலையைச் சேர்ந்த ஒரு மாணவி, பழங்குடியினர் பள்ளியில் படிச்சு, ஜே.இ.இ எழுதி, திருச்சி என்.ஐ.டி-யில் சேர்ந்தார். அவர் சாதிச்சதைக் கொண்டாடுவோம். அவரோட வயசுல, பாதியில் நின்னுபோன பிள்ளைங்களையும் எண்ணிப் பார்ப்போம்.

அடுத்த முறை பைக் எடுத்துக்கிட்டு கொல்லிமலை போனா, வளைவோரம் பலாப்பழமோ அன்னாசியோ விக்கிற பொண்ணைக் கேட்காம வீடியோ எடுக்காதீங்க. எந்த வகுப்பு படிக்கிறான்னு கேளுங்க. அவ கொஞ்ச நேரம் யோசிச்சா, அந்த யோசனையைக் கவனிங்க.